‘விடு’ன்னா என்னன்னு சொல்லுவீங்க?

உக்காருங்க மேடம், ஏன் நின்னுக்கிட்டே இருக்கீங்க? அந்த விசாரணை அதிகாரி இப்ப வரமாட்டாரு. மேல இருந்து போன் வந்திருக்கு, அஞ்சு நிமிசம்னு சொல்லிட்டுப் போயிருக்காரு. இந்த ஊர்ல அஞ்சு நிமிசம்னா அரைமணி. அதுவரைக்கும் ரெண்டு தமிழ் ஆளுக சுவத்தப் பாத்துக்கிட்டா உக்காந்திருக்கிறது?

நீங்க எந்த ஊரு? பொன்னமராவதியா! அட, அப்ப நம்ம பக்கம்தான். நான் கம்பத்துக்கு மேக்க. வீரணன்னு பேரு. அதான் உங்க பேப்பர்லயே இருக்குமே. பதினேழு வருசம் மிலிட்டரி, ஹவில்தாரா வெளிய வந்தேன்.

என்னது? ஆமா ஆமா, அந்த ரூல எனக்கும் சொன்னாங்க. இந்த ரூமுக்குள்ள நான் தமிழ்ல எது பேசுனாலும் நீங்க அவருக்கு இங்கிலீஷ்ல சொல்லியாகணும். சொல்லுங்க, தாராளமாச் சொல்லுங்க. மடியில கனமிருந்தாத்தான வழியில பயம்? எனக்கென்ன பயம்.

அவரு என்கிட்டக் கேக்கப்போறது ஒரே ஒரு வார்த்தை. அன்னைக்கு ஹெலிகாப்டர்ல கேதீசன் ‘விடு’ன்னு கத்துனான். அதுல யாருக்கும் சந்தேகமில்ல. நான் ஒத்துக்கிட்டேன், அவன் ஒத்துக்கிட்டான், ஓட்டுன பைலட் டெரிக்குத் தமிழ்ல ஒரு எழுத்துத் தெரியாது, அவனே ‘விடு விடுன்னு என்னமோ காதுல விழுந்துச்சு’ன்னு எழுதிக் குடுத்துட்டான். இப்ப அந்த விடுவ நீங்க இங்கிலீஷ்ல என்னன்னு சொல்லப்போறீங்க? சுடுன்னா, சுடாதன்னா? சுடுன்னு சொன்னா தப்பு அவன்மேல. சுடாதன்னு சொன்னா நான் ஜெயிலுக்குப் போகணும். உங்க நாக்குலதான் மேடம் எல்லாம் இருக்கு.

அதுனாலதான் சொல்றேன், மொத நடந்தது என்னன்னு தெரிஞ்சுக்கங்க. பேப்பர்ல இருக்கிறது எலும்புக்கூடு.

என் சம்சாரம் பரிமளம் நர்ஸு. அவளுக்கு இந்த டார்வின்ல வேலை கெடச்சுச்சு, ரெண்டு பொண்ணுகளையும் கூட்டிக்கிட்டு வந்தோம். நான் ஒரு கிட்டங்கியில பெட்டி தூக்கிக்கிட்டுக் கெடந்தேன். ரெஜிமெண்டுல குறிபாத்துச் சுடுறதுல மெடல் வாங்குனவன், இங்க வந்து தக்காளிப் பெட்டி தூக்குறேன். எப்படி இருக்கும் எனக்கு? ஞாயித்துக்கெழமை மட்டும் துப்பாக்கி கிளப்புக்குப் போவேன். அங்க ஒரு காண்ட்ராக்ட்காரன் நான் சுடுறதப் பாத்துட்டு, ‘எருமைக்கு வர்றியா?’ன்னான்.

இங்க எருமைன்னா நம்ம வீட்டுல கட்டிப்போட்டுப் பால் கறக்கிற எருமை இல்ல மேடம். எந்தக் காலத்துலயோ கொண்டாந்து விட்டது, காட்டுல தானாப் பெருகிக் கெடக்கு. சதுப்பு நெலத்தையெல்லாம் மிதிச்சு நாசம் பண்ணுது, மாட்டுப் பண்ணையில வேலியப் பிடுங்குது, தண்ணியக் கெடுக்குது. பண்ணைன்னா ஒரு தாலுகா அளவுக்கு இருக்கும் ஒவ்வொண்ணும். நடந்து போய்ச் சுட முடியாது. மழையில்லாத மாசங்கள்ல ஹெலிகாப்டர்ல போய் மேல இருந்து சுடணும். லைசென்சு, பரீட்சை எல்லாம் உண்டு. அதெல்லாம் பாஸ் பண்ணித்தான் போனேன், சும்மா போகல.

மேடம், நீங்க ஊஞ்சல்ல ஆடிக்கிட்டே ஊசியில நூல் கோத்திருக்கீங்களா? அதுதான் இந்த வேலை. கதவக் கழட்டி வச்சிருவாங்க. பெல்ட்டு உங்களப் பிடிச்சிருக்கும், ஒரு காலு வெளியில கம்பிமேல. கீழ தரை ஓடுது பாருங்க, அம்புட்டு வேகமா ஓடுது, பனைமர ஒசரம்கூட இருக்காது. மேல றெக்கை சுத்துற காத்து கண்ணுல மண்ண அள்ளிப் போடுது. துப்பாக்கிய எங்கயும் சாய்ச்சு வைக்கக்கூடாது, சாய்ச்சா இஞ்சின் அதிர்வு அப்படியே குழலுக்கு வந்துரும். உங்க ஒடம்புதான் ஸ்டாண்டு. குழல் எப்பவும் தாழ்ந்தே இருக்கணும், கொஞ்சம் தூக்குனீங்க, உங்க றெக்கைய நீங்களே சுட்டுக்கிட்டு மூணு பேரும் சாம்பல்.

இன்னொண்ணு கேளுங்க. தரையில நின்னுக்கிட்டு ஓடுற மிருகத்தச் சுடணும்னா முன்னாடி குறிவைக்கணும், அது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஹெலிகாப்டர்ல எருமையவிட நீங்க வேகமாப் போறீங்க. அப்ப முன்னாடி வச்சீங்கன்னா குண்டு எங்கயோ போயிரும். பின்னாடி வைக்கணும்! ஓடுற எருமைக்குப் பின்னாடி, வெறும் புல்லுல குறிவச்சுச் சுடணும். பதினேழு வருசம் கத்துக்கிட்டத விரல்ல இருந்து கழட்டிப் போட்டுட்டுப் புதுசாக் கத்துக்கிட்டேன். மொத வாரம் தூக்கத்துலகூட புல்லச் சுட்டேன்.

ஆனா அது கைக்கு வந்துருச்சுன்னு வைங்க, அட அட, அதச் சொல்லி முடியாது. டெரி ஹெலிகாப்டர அப்படியே சாய்ச்சு எருமை பக்கத்துல கொண்டாந்து நிறுத்துவான், அதுவும் நாமளும் ஒரே வேகத்துல போறோம், ஒரு கண நேரம் எல்லாமே நின்னுபோன மாதிரி இருக்கும். அந்தக் கணத்துல சுடணும். விழுந்தது தெரியுறதுக்குள்ள அடுத்தது. என் பொண்ணு பொறந்தப்பகூட எனக்கு நெஞ்சு அப்படி அடிக்கல. பரிமளத்துகிட்ட அதச் சொன்னேன், ரெண்டு நாள் பேசல. அத விடுங்க.

கேதீசன் யாருன்னு கேக்குறீங்களா? அவன் சிலோன்காரன். வன்னிப் பக்கம். படகுல வந்தவன், முகாம்ல மூணு வருசம் கெடந்து, அப்புறம் வருசா வருசம் புதுப்பிக்கிற விசா குடுத்து வெளிய விட்டிருக்காங்க. அவனுக்கு ஹெலிகாப்டர்ல என்ன வேலைன்னா, டெரிக்குப் பக்கத்துல இடதுபக்கம் உக்காந்து கீழ பாக்கணும். டெரியும் அவனுக்குப் பின்னாடி நானும் வலதுபக்கம், எங்க கண்ணுக்கு இடதுபக்கம் தெரியாது. எருமை எங்க நிக்குது, கீழ வேற எதாச்சும் இருக்கா, வண்டி இருக்கா, மாடு இருக்கான்னு பாத்துச் சொல்றது அவன். ஒவ்வொரு தடவை ஹெலிகாப்டர் திரும்புனப்புறமும் அவன் சொன்னாத்தான் நான் சுடலாம். அதான் சட்டம்.

அவன சேத்துவிட்டதே நான்தான் மேடம். தமிழ்ப் பையன் தர்பூசணித் தோட்டத்துல வெயில்ல சாகுறானேன்னு. நன்றி கெட்ட உலகம்.

மொத நாள் நடந்த கூத்தக் கேளுங்க, சிரிப்பீங்க. நாலு எருமை ஓடுது. டெரி அழகாக் கொண்டாந்து சேத்துட்டான். இவன் ஹெட்செட்ல, ‘வையுங்கோ அண்ணை, வையுங்கோ, வையுங்கோ!’ன்னு கத்துறான். நான் என்ன பண்ணேன்? துப்பாக்கியக் கீழ வச்சுட்டேன்! நம்ம ஊர்ல வைன்னா கீழ வைதான? நாலும் காட்டுக்குள்ள போயிருச்சு. இவன் திரும்பிப் பாத்து, ‘ஏன் அண்ணை கீழ பதிச்சனீங்கள்? நான் வெடி வைக்கச் சொல்லியெல்லோ கத்தினனான்!’ங்கிறான். அவங்க ஊர்ல சுடுறதுக்கு வெடி வைக்கிறதுன்னு பேராம். இந்தப் பக்கம் டெரி வேற. இங்கிலீஷ்ல ஒய்ன்னா ஏன்னுதான அர்த்தம்? இவன் வை வைன்னு கத்துனது அவனுக்கு ஏன் ஏன்னு கேட்டிருக்கு. ‘ஏன்னா? அது எருமை, அதுனாலதான்!’னு டெரி திருப்பிக் கத்துறான். தரையில எறங்கி மூணு பேரும் வயித்தப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சோம். அன்னையில இருந்து அதுவே எங்களுக்குள்ள பழக்கமாயிருச்சு. சுடணும்னா வை. டெரிக்கே அது மனப்பாடம். சீசன் பூரா அந்த ஒரு வார்த்தையிலதான் ஓடுச்சு.

என்ன எழுதுறீங்க? ஓ, வை. சரி சரி, எழுதிக்கங்க. அது தமாசுக்குச் சொன்னது.

நல்ல பயதான், இல்லேங்கல. ஆனா ஒரு மாதிரி. மொத மொதல்ல ஹெலிகாப்டர் ஸ்டார்ட் பண்ணுனப்ப ஓடிப்போய் டீசல் டிரம்முக்குப் பின்னாடி உக்காந்துட்டான். முப்பது வயசு ஆம்பள! டெரி வந்து கையப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போனான். நான் அதச் சொல்லிச் சொல்லி ஓட்டுவேன், அவனும் சிரிச்சுக்குவான். ஒரு நாளு சாப்புட்டுக்கிட்டு இருக்கிறப்ப தானாவே சொன்னான், ‘நாங்கள் கீழ நிண்டு பாத்த ஆக்கள் அண்ணை. மேல இருந்து பாக்கேக்க ஆக்கள் எவ்வளவு சின்னனாத் தெரியினம் எண்டு இப்பதான் விளங்குது’ன்னு. சோத்துல கைய வச்சுக்கிட்டு இதையெல்லாமா பேசுறது? வேற பேச்சுக்குப் போயிட்டேன்.

அதுனாலயோ என்னமோ, கீழ பாக்குறதுல அவன் ஒரு பைத்தியம். மரத்தடி மரத்தடியாப் பாப்பான். வெள்ளைச் சாக்கு கெடந்தாலும், ‘பொறுங்கோ, அங்க ஒரு ஆள் நிக்கிற மாதிரிக் கிடக்கு’ன்னுவான். டெரி இன்னொரு சுத்துச் சுத்துவான். அதுக்குள்ள எருமை எங்கயோ. எத்தனை தடவை அப்படிப் போச்சு தெரியுமா? எனக்கு எரிச்சலா வரும்.

ஆனா அவன் சொன்னா நான் கேட்டிருக்கேன் மேடம், அதையும் சொல்லணும்ல. ஒருக்கா ஒரு எருமை கன்னுக்குட்டியோட நின்னுச்சு, பொறந்து ரெண்டு நாள் இருக்கும், காலு இன்னும் நேரா நிக்கல. சட்டப்படி ரெண்டையும் சுடணும். இவன், ‘பாவம், விடுங்கோ அண்ணை’ன்னான். நானும் சுடாம விட்டுட்டேன். எனக்கும் ஈரம் இருக்கு. அத அந்த அதிகாரிகிட்ட மறக்காமச் சொல்லுங்க.

ஏன் அப்படிப் பாக்குறீங்க?

சரி, மார்ஜிக்கு வர்றேன். மார்ஜிங்கிறது அந்தப் பண்ணையில பம்ப் பாக்குற அம்மா. அம்பது வயசு இருக்கும். பண்ணை முழுக்க அங்கங்க ஆழ்குழாய் போட்டு மாட்டுக்குத் தொட்டி கட்டி விட்டிருப்பாங்க. இந்தம்மா ஒரு வெள்ளை வண்டியில தெனத்துக்கு ஒண்ணு ரெண்டு தொட்டியாப் போய்ப் பம்ப் ஓடுதா, தண்ணி வருதான்னு பாக்கும். கேதீசன் அவங்கள தண்ணியக்கான்னுதான் சொல்லுவான். எங்களுக்குள்ள பேசுறப்ப மட்டும். அவங்க சுட்ட ரொட்டியில முதல் துண்டு அவனுக்குத்தான் வரும். அவங்க மகன் எங்கயோ சொரங்கத்துல வேலை, வருசத்துக்கு ஒருக்கா வருவானாம், அதுனால இவன்மேல ஒரு இது.

என்மேல அந்தம்மாவுக்கு என்ன கோவமோ தெரியல. நான் சுட்ட ஒரு எருமை அடிபட்டு ஓடி, அவங்க தொட்டிக்குள்ள விழுந்து செத்துப்போச்சு. நாலு நாள் கழிச்சுத்தான் பாத்திருக்காங்க. தண்ணி பூராக் கெட்டு, மாடுக குடிக்காம நின்னிருக்கு. அதுக்கு என்ன பண்ணாங்க தெரியுமா? சாப்பாட்டுக் கொட்டகையில பத்துப் பேரு முன்னாடி என் தட்டுப் பக்கத்துல வந்து நின்னு, ‘சுடத் தெரிஞ்சா சுடு, தெரியாட்டி வீட்டுக்குப் போ. இனிமே ஒரு மிருகம் அரைகுறையா என் தொட்டிக்கு வந்துச்சுன்னா நான் எழுதிக் குடுத்துருவேன்’னாங்க. சுடத் தெரிஞ்சாவாம்! என்கிட்ட! நான் மெடல் வாங்குனவன் மேடம். கேதீசன் குனிஞ்சுக்கிட்டுச் சோத்தப் பெசையுறான், வாயத் தொறக்கல. எனக்குப் பரிஞ்சு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? கூட்டியாந்தவன் நான்.

அன்னையில இருந்து அந்தம்மா சுட்ட ரொட்டியச் சாப்பிடுறத நிறுத்திட்டேன்.

அதுக்கடுத்து ஒம்பதாம் நாள் இது நடந்துச்சு.

அன்னைக்குக் காலையில இருந்தே சரியில்ல. காத்து முட்டி முட்டி அடிச்சுச்சு. வானத்துல மேகமே இல்ல, ஆனா ஹெலிகாப்டர் பள்ளத்துல விழுற வண்டி மாதிரி தூக்கித் தூக்கிப் போடுது. ஒரு பெரிய எருமைக் கிடா தனியா ஓடுச்சு. இப்படிக் கொம்பு, ரெண்டு கையையும் விரிச்சாக்கூடப் பத்தாது. வச்சேன். வயித்துல பட்டுருச்சு. ரெண்டாவது வச்சேன், படல. மூணாவதும் படல. அது அப்படியே வளைஞ்சுக்கிட்டு முள்ளுக்காட்டுக்குள்ள போயிருச்சு. டெரி சிரிச்சான். ‘இந்தியாவோட மிலிட்டரி இன்னைக்கு லீவா?’ன்னான். கேதீசன் சிரிக்கல. ‘அது ஒன்பதாம் நம்பர்த் தொட்டிப் பக்கமாப் போகுது அண்ணை, தண்ணிக்குத்தான் வரும்’னான்.

எனக்கு அதுக்கப்புறம் வேற எருமையே கண்ணுல படல மேடம். பெட்ரோல் போட எறங்குனோம், டீ குடிச்சோம், என் மனசு பூரா அந்தக் கிடாமேலதான். வயித்துல குண்டோட தொட்டிக்குப் போகும், அங்க விழும், அந்தம்மா பாக்கும், எழுதிக் குடுக்கும். என் லைசென்சு போகும். மறுபடியும் தக்காளிப் பெட்டி. டெரிகிட்ட, ‘ஒன்பதாம் நம்பருக்குப் போ, ஒரு உசுரு துடிச்சுக்கிட்டுக் கெடக்கு, முடிச்சிருவோம்’னேன். அது தப்பா? அடிபட்ட மிருகத்த விடக்கூடாதுன்னு அந்தம்மாவேதான சொன்னாங்க?

போனோம். சொன்ன மாதிரியே கிடா அங்க நின்னுச்சு. தொட்டிக்கு இந்தப் பக்கம் ஒரு மரக்கூட்டம், அந்த மரத்துக்கும் தொட்டிக்கும் நடுவுல தலையத் தொங்கப்போட்டுக்கிட்டு நிக்குது. எங்க சத்தம் கேட்டதும் வேலிய ஒட்டி ஓட ஆரம்பிச்சுச்சு. டெரி கெழக்க இருந்து உள்ள வளைச்சான். வளைக்கிறப்ப இடதுபக்கம்தான் தொட்டியப் பாத்து இருந்துச்சு, நான் வானத்தப் பாத்துக்கிட்டு இருக்கேன். அப்புறம் இப்படிச் சாய்ச்சு வலதுபக்கத்தக் கீழ கொண்டாந்தான். கிடா எனக்கு நேரா. அந்தக் கணம் வந்துருச்சு மேடம். எல்லாம் நின்னுபோச்சு. அதோட முதுகுல ஒட்டியிருந்த சேறுகூடத் தெரியுது.

அப்பத்தான் அவன் விடுன்னு கத்துனான். நான் சுட்டேன்.

மூணு. மொத ரெண்டும் தோள்ல, ஒரு சாண் எடைவெளியில. கிடா அப்படியே முன்னங்காலு மடிஞ்சு விழுந்துச்சு. எப்பேர்ப்பட்ட குறி தெரியுமா அது, அந்தக் காத்துல? நான் செஞ்சதுலயே அதுதான் பெரிய வேலை. யாரும் அதப் பத்திப் பேசமாட்டாங்க. மூணாவது சுடுறப்ப ஹெலிகாப்டர் சடார்னு எறங்குச்சு, காத்து. அது எங்க போச்சுன்னு எனக்குத் தெரியாது. அத விடுங்க.

டெரி எறக்குறதுக்கு முன்னாடியே கேதீசன் குதிச்சுட்டான். ஆளு ஒசரத்துல இருந்து குதிச்சு, விழுந்து, எந்திரிச்சு, மரத்தப் பாத்து ஓடுறான். எனக்கு எதுக்குன்னே புரியல. நான் ரூல்படி துப்பாக்கிய லாக் பண்ணி, மேகசினக் கழட்டி, காலித் தோட்டா மூணும் துப்பாக்கியில கட்டுன பையில இருக்கான்னு பாத்துட்டு எறங்குனேன். ஒண்ணு ரெண்டு மூணுன்னு எல்லாம் சரியா இருந்துச்சு. மொத கிடாவத்தான் போய்ப் பாத்தேன், உசுரு இருக்கக்கூடாதுல்ல. அப்புறம்தான் மரத்தடியில அந்த வெள்ளை வண்டி. அந்தம்மா பம்புக் குழாய்ப் பக்கத்துல கெடந்தாங்க. ஸ்பேனர் இன்னும் கையில இருக்கு. கேதீசன் சட்டையக் கழட்டி அவங்க கழுத்துல அமுக்கிக்கிட்டு, அவன் பாஷையில என்னமோ சொல்லிக்கிட்டே இருக்கான். டெரி ரேடியோவுல கத்துறான். ஆம்புலன்ஸ் விமானம் வர ஒரு மணி நேரம் ஆச்சு. அதுக்கு முன்னாடியே போயிட்டாங்க.

அந்த ஒரு மணி நேரமும் அவன் என்னை ஒருக்காகூடத் திரும்பிப் பாக்கல. இன்னைக்கு வரைக்கும் ஒரு வார்த்தை பேசல. போன் பண்ணேன், எடுக்கல. போலீஸ்ல என்ன எழுதிக் குடுத்தான்னு எனக்குக் காட்டவும் மாட்டேங்கிறாங்க. விடுன்னா சுடாதங்கிற அர்த்தத்துலதான் சொன்னேன்னு சொல்றானாம், டெரி வாயால தெரிஞ்சுக்கிட்டதுதான்.

இப்ப நீங்க சொல்லுங்க மேடம், நீங்க பொன்னமராவதி. நம்ம ஊர்ல விடுன்னா என்ன? கோயில் திருவிழாவுல வேட்டு விடுறோம். வாணம் விடுறோம். அம்பு விடுறோம். கன்னத்துல ஒரு அறை விட்டேன்னு சொல்றோம். கதை விடுறான்னு சொல்றோம். எல்லாத்துலயும் விடுன்னா போகவிடு, பாயவிடுன்னுதான அர்த்தம்? துப்பாக்கியக் கையில வச்சிருக்கிறவனப் பாத்து விடுன்னு கத்துனா அவன் என்ன செய்வான்? நான் தமிழ்நாட்டுக்காரன். என் காதுல என் தமிழ்தான் விழும். இது நம்ம ரெண்டு ஊரு தமிழுக்கு நடுவுல நடந்த விபத்து. அவ்வளவுதான். அப்படி எழுதுனா யாருக்கும் பாவமில்ல.

அவனுக்கு என்ன ஆகும்னா? எனக்கெப்படித் தெரியும்? சுடச் சொன்னது அவன்னு ஆனா விசாவ ரத்துப் பண்ணுவாங்கன்னு பேசிக்கிறாங்க. திருப்பி அனுப்புவாங்களாம். அனுப்பட்டுமே, இப்பத்தான் அங்க சண்டை ஒண்ணுமில்லையே? அம்மா இருக்கு அவனுக்கு, அம்மாகிட்டப் போவான். சின்ன வயசு, பொழச்சுக்குவான். எனக்கு ரெண்டு பொண்ணு தங்கச்சி. பெரியவ டாக்டருக்குப் படிக்கிறா. அப்பன் ஆளக் கொன்னுட்டு ஜெயில்ல இருக்கான்னா அவ வகுப்புல எப்படிப் போய் உக்காருவா? பரிமளம் சாப்புடுறதில்ல. ராப்பகலா ஒரே அழுகை. உங்கள என் கூடப்பொறந்த பொறப்பா நெனச்சுச் சொல்றேன். தங்கச்சின்னு சொல்லலாம்ல? நம்ம பக்கத்துப் பொண்ணு.

என்ன, கீழ ஆள் இருந்தது தெரியுமாவா? தெரியாது. எறங்குனப்புறம்தான் தெரியும். அததான இவ்வளவு நேரம் சொல்லிக்கிட்டு இருக்கேன். ஹெட்செட்ல கொர்ருன்னு காத்துச் சத்தம், அவன் கத்துனதுல அந்த ஒரு வார்த்தைதான் காதுல ஏறுச்சு. விடு. அதுக்கு முன்னாடியும் இல்ல, பின்னாடியும் இல்ல.

அப்படியே ஆள் இருந்துச்சுன்னு வைங்க, தெரிஞ்சுச்சுன்னே வைங்க, ஒரு பேச்சுக்கு. கிடாவுக்கும் அந்தக் குழாய்க்கும் நடுவுல எட்டடி. காத்து மட்டும் இல்லேன்னா எட்டடி எடைவெளி இருந்தா நான் பந்தயம் கட்டிச் சுடுவேன். சுடத் தெரியாதவனுக்குத்தான் எட்டடி பத்தாது. ஆனா தெரியாதுங்கிறேன்ல. இது ஒரு பேச்சுக்கு.

விடுன்னானா, விடுங்கோன்னானா? இது என்ன கேள்வி தங்கச்சி? அவன் என்னை எப்பவும் மரியாதையாத்தான் கூப்புடுவான். விடுங்கோதான். அதுல என்ன வித்தியாசம்?

எப்படிச் சொன்னான்னா? அந்தக் கொரல்லயே சொல்லிக் காட்டணுமா? ஓ, காட்டுறேனே. அவன மாதிரிப் பேசுறதுல நான் கெட்டிக்காரன். கொட்டகையில பேசிக் காட்டுனா டெரிக்கு ஒண்ணும் புரியாது, ஆனா சிரிச்சு உருளுவான், கேதீசனே, ‘அண்ணை, நீங்கள் எங்கட ஊரில பிறந்திருக்க வேணும்’னுவான். அவன் பதறுனா கொரலு இப்படி மேல ஏறிரும், பொம்பளப் பிள்ளை மாதிரி. அன்னைக்கு அப்படித்தான் ஏறுச்சு. சீட்டுல இருந்து பாதி எந்திரிச்சுட்டான், பெல்ட்டு இழுக்குது, என் முட்டிய எட்டிப் பிடிச்சுக்கிட்டு, ‘ஐயோ விடுங்கோ அண்ணை, விடுங்கோ, தண்ணியக்கா நிக்கிறா, தண்ணியக்கா நிக்கிறா!’

இல்ல. அது வந்து, அப்புறமா கீழ எறங்கி அவன் அழுதப்ப சொன்னது. ரெண்டும் கலந்து வந்துருச்சு. தங்கச்சி, அது நான் சும்மா அவன் பேசுற மாதிரிச் சொன்னேன். அவன் பேச்சு எனக்கு நாக்குல நிக்கும், தானா வந்துருச்சு. அத எழுதாதீங்க. ஏன் எழுதுறீங்க? ரூலுன்னா என்ன ரூலு, நான் சிரிப்புக்குச் சொன்னதெல்லாமா ரூலு?

பேனாவக் கீழ வைங்க தங்கச்சி. எனக்கு ரெண்டு பொண்ணு.

வந்துட்டாரு. சார், வணக்கம் சார். அவரு என்ன கேக்குறாரு? என்னைக் கேக்குறாரா, உங்களக் கேக்குறாரா? மெதுவாப் பேசச் சொல்லுங்க, இம்புட்டு வேகமாப் பேசுனா எனக்குப் புரியாது. நீங்க என்ன சொல்றீங்க அவருகிட்ட? மேடம், இப்ப மார்ஜின்னு சொன்னீங்கல்ல? மார்ஜின்னு எதுக்குச் சொன்னீங்க?

மேடம், அவரு ஏன் கதவச் சாத்துறாரு?